நாற்பதாயிரம் ரூபாய் வங்கி

ஏழைகளுக்குச் சிறுதொழில் கடன் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் வங்கதேசத்துக் கிராமீன் வங்கியைத்தான் சொல்வார்கள். 2006-ல் நோபல் பரிசு வாங்கிய பெருமை அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிராமீன் முறைப்படி வங்கியானது 1983-ல். அதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே ஆமதாபாத்தில் காய்கறி விற்கிற பெண்களும் தலைச்சுமை தூக்குகிற பெண்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு வங்கி தொடங்கிவிட்டார்கள். பொருளாதாரம் படித்த நம்மில் பலருக்கே தெரியாத கதை இது.

ஆமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவைக் கவனித்து வந்தவர் இலா பட் என்ற வழக்கறிஞர். 1972-ல் அவர் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தடை சொன்னார்கள். முதலாளி இல்லைதான். ஆனால் வட்டிக்காரர் இருந்தாரே! காலையில் 50 ரூபாய் வாங்கிக் காய் எடுத்தால் சாயங்காலம் 55 ரூபாயாகத் திருப்ப வேண்டும். நம் ஊர் ரன் வட்டி, தண்டல் எல்லாம் இதற்குப் பங்காளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் 300 நாள் வியாபாரம் என்றால் வட்டி மட்டும் 1,500 ரூபாய். இத்தனைக்கும் முதலை அன்றன்றே திருப்பியாயிற்று.

1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. கடன் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவும் இருந்தது. ஆனால் இடுப்பில் குழந்தையோடு, அழுக்குச் சேலையில் வந்து நின்றவர்களைக் கவுண்டரில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை.

சரி, நாமே தொடங்குவோம் என்று 1973 டிசம்பரில் முடிவு செய்தார்கள். தலைக்கு 10 ரூபாய், 4,000 பெண்கள், 40,000 ரூபாய். கூட்டுறவு வங்கியாகப் பதிவு செய்யப் போனால், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று மறுபடி ஒரு முட்டுக்கட்டை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். 1974 மே மாதம் வங்கி பதிவாயிற்று. எழுதத் தெரியாத வாடிக்கையாளருக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துப் பாஸ்புக்கில் ஒட்டிவிட்டார்கள். அதுதான் அடையாளம்.

கிராமீனை விட எனக்கு இது ஒரு படி மேலாகத் தெரிவதற்குக் காரணம், இங்கே சேமிப்பு முதலில் வந்தது. வெளிப் பணத்தை வைத்துக் கடனை மட்டும் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010-ல் ஆந்திராவில் பார்த்தோம். குறுங்கடன் கம்பெனிகளின் வசூல் நெருக்கடி தாங்காமல், மாநில அரசு அவசரச் சட்டமே போட வேண்டி வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன் கிடைத்துவிட்டால் மட்டும் கூடை நிறைந்துவிடாது, உட்கார்ந்து விற்க இடம் வேண்டாமா? மாணெக் சௌக் சந்தையில் போலீஸ் விரட்டியபோது சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தெருவோர வியாபாரிகளுக்கென்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்ததோ 2014-ல்தான்!

இதற்கிடையில் 1981-ல் பஞ்சாலைச் சங்கம் சேவாவைத் தன்னிடமிருந்து விலக்கிவிட்டது. 1980-களில் ஆமதாபாத் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சங்கத்துச் சந்தாவும் மாதச் சம்பளமுமாக இருந்த ஆண்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பல வீடுகளில் அப்போது அடுப்பெரிந்தது, தொழிலாளியே இல்லை என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பெண்களின் கூடை வியாபாரத்தில்தான்.