குளிரில் ஒரு பட்டினி, கதகதப்பில் ஒரு பட்டினி

டிசம்பர் மாதம். வட அமெரிக்க வீடொன்றின் நிலவறையில் சோளப்பாம்பு, மேலே வரவேற்பறையில் பால் பைத்தான் (ball python). இரண்டும் ஆறு வாரமாக எதையும் தின்னவில்லை. வெளிப்பார்வைக்கு ஒரே பட்டினிதான். ஆனால் கீழே இருப்பதை நினைத்து வீட்டாருக்குக் கவலையே இல்லை. மேலே இருப்பதை நினைத்துத் தூக்கமில்லை.

சோளப்பாம்பின் பட்டினியை ஏற்பாடு செய்தவர்களே அந்த வீட்டார்தான். நம்மூர்ச் சாரை அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பாம்பு, வாழிடத்தின் வடக்கு எல்லையான நியூ ஜெர்சியில் குளிர்காலம் முழுக்கப் பொந்துக்குள் ஒடுங்கிவிடும். தெற்குப் புளோரிடாவிலோ ஆண்டு முழுக்க நடமாடும். இனப்பெருக்கம் செய்விக்க விரும்புகிறவர்கள் வடக்கின் வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். இரண்டு வாரம் முன்பே இரையை நிறுத்தி, குடல் காலியானபின் வெப்பத்தை 10 முதல் 13 டிகிரி வரை இறக்கி, இரண்டு மூன்று மாதம் இருட்டில் வைக்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் பாம்பின் உயிர் இருக்கிறது. சொந்தமாக உடல்வெப்பம் உண்டாக்கத் தெரியாத பிராணி அது. குளிர்ந்த வயிற்றில் எலி செரிக்காது, அழுகும். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாது, இடையில் எழுந்து குடிக்கும். அதனால் இதை உறக்கம் என்பதைவிட ஒடுக்கம் என்பதே சரி.

பைத்தானின் பட்டினிக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரியில் கதகதப்பாக இருக்கிறது; விளக்கும் நேரம் தவறாமல் எரிகிறது. உறைநிலையிலிருந்து இளக்கிச் சூடாக்கிய எலியை இடுக்கியில் பிடித்து நீட்டினால், தலை மெல்ல உயர்கிறது, நாக்கு நாலைந்து முறை வெளிவந்து போகிறது, உதட்டோரக் குழிகள் அந்தச் சூட்டை அளந்துகொள்கின்றன. பிறகு தலையைத் தன் சுருளுக்குள் புதைத்துக்கொள்கிறது. இரை இருப்பது அதற்குத் தெரியும், வேண்டாம் என்கிறது.

ஏன் வேண்டாம்? சோளப்பாம்புக்கு விடை வெப்பமானியில் இருக்கிறது. பைத்தானுக்கு அது தாயகமான கானாவிலும் டோகோவிலும் பெனினிலும் இருக்கிறது. அங்கே கடுங்குளிர் கிடையாது, பகல்பொழுதின் நீளமும் பெரிதாக மாறாது. ஆனால் நவம்பரை ஒட்டி மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும். ஆண் துணை தேடுவதும் இணைவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெண் முட்டையிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் அவற்றைச் சுற்றிச் சுருண்டே கிடக்கும், இரை தேடாமல். வளர்ப்புப் பெட்டியில் ஆண் பைத்தான் பெரும்பாலும் 700, 800 கிராமைத் தொடும் வயதில் முதன்முதலாக எலியை மறுப்பதும் இதனால்தான். ஒன்றன் பட்டினி வெப்பம் இல்லாமையால் வருவது. மற்றதன் பட்டினி துணை நாட்டத்தால் வருவது.

இப்படிப் பிரித்துவிட்டு நிம்மதி அடைந்தால், மார்ச் மாதம் நம்மைத் திருத்துகிறது. ஒடுக்கம் கலைந்து சட்டை உரித்த ஆண் சோளப்பாம்பு மீண்டும் இரையை மறுக்கும். இம்முறை பெட்டியில் குளிர் துளியும் இல்லை. இரவெல்லாம் மூடியின் விளிம்பை முட்டிக்கொண்டு அலைகிறது. மூக்குச் செதில் தேய்ந்து சிவக்கிறது. பெண்ணும் முட்டையிடும் நாள் நெருங்கும்போது உணவை ஒதுக்குகிறது. ஆக, சோளப்பாம்பின் ஆண்டுக்குள் இரண்டு பட்டினிகள் உண்டு, இரண்டாவது அப்படியே பைத்தானுடையது. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் மகிழ்வித்த இடம் இதுதான்.

உடலின் உள்கணக்கிலும் இந்த உறவு தொடர்கிறது. ஆய்வாளர் மார்ஷல் மெக்யூ 2007இல் வெளியிட்ட ஆய்வில் பால் பைத்தானும், சோளப்பாம்பின் நெருங்கிய உறவான எலிப்பாம்பும், ஒரு வகைக் கிலுகிலுப்பை விரியனும் 168 நாள் இரையின்றி வைக்கப்பட்டன. ஓய்வு நிலையில் அவை செலவழிக்கும் ஆற்றல் 72 விழுக்காடு வரை குறைந்தது. எடையிலும் 9 முதல் 24 விழுக்காடு போனது. ஆனாலும் உடல் நீளம் கூடியிருந்தது! பட்டினியிலும் வளரும் உடல் இரு தரப்புக்கும் பொது. குடலில் மட்டும் பைத்தான் ஒரு படி முன்னே நிற்கிறது: நீண்ட இடைவெளி விட்டு உண்பதால், இரை இல்லாதபோது அதன் குடல் நன்றாகச் சுருங்கி, ஒரு வேளை உணவுக்குப் பின் ஓரிரு நாளில் மீண்டும் பருக்கிறது. அடிக்கடி தின்னும் சோளப்பாம்பு வகையினவற்றில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சு. சோளப்பாம்புக்கு உதவும் 12 டிகிரியில் பைத்தானை வைத்தால் நெஞ்சில் சளி கட்டும். மூச்சு சீறலாகி, வாயோரம் நுரை வரும். உண்ணாத பைத்தானுக்கு ஓய்வு தருவதாக எண்ணி வெப்பத்தைக் குறைப்பவர்கள் செய்வது நல்லெண்ணத்தால் நேரும் கொடுமை. அதற்கு வேண்டியது மாறாத கதகதப்பு, ஒளிந்துகொள்ள இறுக்கமான ஒரு மறைவிடம், வாரம் ஒரு முறை தராசு. முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றால் காத்திருக்கலாம். எடை பத்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சோளப்பாம்பு எந்த வாரம் தின்னத் தொடங்கும் என்பதை வளர்ப்பவர் நாட்காட்டியில் முன்பே குறித்து வைத்திருக்கலாம். பைத்தானுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஏதோ ஓர் இரவு, பத்தாவது முறையாக நீட்டிய அதே எலியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றி, மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்ளும்.