சிதறலுக்கு எது மருந்து? மெய்நிகர் வட்டுப் படிமங்களும் போடி ஏலக்காய்க் கணக்கும்

மெய்நிகர் கணினியின் வட்டுப் படிமத்தைப் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் வைப்போருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: அந்தக் கோப்புக்கு ‘நகலெடுத்து எழுதுதலை’ நிறுத்திவிடுங்கள். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருள், தான் புதிதாக உருவாக்கும் சேமிப்புக் கோப்புறைகளில் 2020 முதல் இதைத் தானாகவே செய்கிறது. போடிநாயக்கனூர் போன்ற ஊரில், ஒரே சர்வரை நம்பிக் கணக்கெழுதும் ஏலக்காய் வணிகருக்கு இந்த அறிவுரை ஆகாது என்பதே என் வாதம்.

போடி வணிகம் கணினிக்குப் பழகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மின்னணு ஏலம் இங்கே 2007இல் வந்தது. 2021இல் போடி, கேரளத்தின் புத்தடி ஆகிய ஏல மையங்கள் இரண்டும் மேகக்கணினி வழியே இணைக்கப்பட்டன. ஏல மையத்துக்கு வெளியே, வணிகரின் அலுவலகத்தில் இருப்பது எளிய ஏற்பாடு: மெய்நிகர் கணினிக்குள் ஓடும் ஒரு கணக்கு மென்பொருள். ஒவ்வொரு லாட்டுக்கும் எடை, விலை, விவசாயி பெயர், வாங்கியவர் பெயர் எனச் சிறு சிறு பதிவுகள் படிமத்தின் நடுவே அங்கங்கே எழுதப்படுகின்றன.

சிதறல் பிறப்பது அங்கேதான். நகலெடுத்து எழுதும் முறைமை பழைய கட்டத்தின் மேல் எழுதாது. புதிய தரவை வேறிடத்தில் எழுதிச் சுட்டியை மாற்றும். பழைய பேரேட்டில் தவறான வரியை அழிக்காமல், திருத்தத்தைப் புதுப் பக்கத்தில் எழுதுவது போல. 20 ஜிபி படிமத்தில் 4 கேபி கட்டங்கள் சுமார் 52 லட்சம். அவற்றில் நூற்றில் ஒன்று மட்டும் அங்கங்கே மாறினாலும், ஒவ்வொரு மாற்றமும் முன்னும் பின்னும் வெட்டுவதால், தொடர்ச்சியாக இருந்த கோப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் துண்டுகளாகும். சுழலும் வன்வட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் முள் நகரவும் தட்டு சுழலவும் 10 மில்லிசெகண்ட் என்று கொண்டால், முழுப் படிமத்தையும் படிக்கும்போது தேடலுக்கே 17 நிமிடம் போகும். சிதறாத கோப்பை இரண்டரை நிமிடத்துக்குள் படித்துவிடலாம். இடமும் வீணாகும்: 128 எம்பி வரை நீளும் ஒரு தொடர்பகுதியில் ஒரு மூலை பயன்பாட்டில் இருந்தாலும், பிடிஆர்எஃப்எஸ் அந்தப் பகுதி முழுவதையும் விடுவிக்காது. எஸ்எஸ்டியில் தேடல் நேரம் இல்லை. துண்டுகளைக் கணக்கு வைக்கும் சுமை மட்டும் மிஞ்சும்.

இந்த இழப்புகள் உண்மையானவை. ஆனால் நகலெடுத்து எழுதுதலை நிறுத்தினால் தரவு சிதைந்ததைக் கண்டுபிடிக்கும் செக்சம் பாதுகாப்பும் அந்தக் கோப்புக்குப் போய்விடும். இதை அறிவுரை சொல்பவர்கள் அடிக்குறிப்பாகவே சொல்கிறார்கள். என் பார்வையில் இதுவே தலைப்புச் செய்தி. இரண்டு வட்டுகளில் இரட்டைப் பிரதி வைத்திருந்தாலும், அவை முரண்படும்போது எது சரி என்று முறைமையால் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறும் மலையடிவார ஊரில், எழுதும் நேரத்தில் மின்சாரம் போவது எதிர்பார்த்தே ஆகவேண்டிய ஒன்று. ஒரு பிரதியில் புது விலையும் மற்றொன்றில் பழைய விலையும் நின்றுவிட்டால், விவசாயிக்குச் சேரவேண்டிய தொகை எந்த வட்டு முதலில் படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்ததாகிவிடும். வேகத்துக்காக இந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

முழுப் படிமத்தையும் வரிசையாகப் படிக்கும் தேவை பெரும்பாலும் இரவு பேக்கப்பின்போதுதான் வருகிறது. ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையிலான மாற்றத்தை மட்டும் அனுப்பும் வசதி பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய இரு கோப்பு முறைமைகளிலும் இருப்பதால் அந்தத் தேவையே பெரும்பாலும் நீங்குகிறது. சிதறலை உண்டாக்கும் அதே அமைப்புதான் சிதறலின் கடுமையையும் தணிக்கிறது.

கவனம் வேண்டியது, துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் விஷயத்தில். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது டிஃப்ராக் செய்தால் பகிர்ந்திருந்த கட்டங்கள் பிரிந்து, 20 ஜிபி படிமம் 40 ஜிபி வரை இடம் பிடிக்கும். எனவே பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிய பிறகே செய்ய வேண்டும். படிமத்தை க்யூகவ்2 வடிவில் வைத்தால் நகலெடுத்து எழுதுதலின் மேல் இன்னொரு நகலெடுத்து எழுதுதல் ஏறும்; ரா வடிவமே நல்லது. இசட்எஃப்எஸ்ஸில் பதிவளவின் இயல்பு 128 கேபி. இன்னோடிபி தரவுத்தளத்தைத் தனிக் கோப்புத் தொகுதியில் வைத்து, அதன் பக்க அளவான 16 கேபிக்குப் பதிவளவைக் குறைத்தால், ஒரு பக்கம் மாறும்போது எட்டு மடங்கு எழுதும் வீண்வேலை நிற்கும்.

நகலெடுத்து எழுதுதலை நிறுத்தலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் தரவுத்தளம் தன் பக்கங்களுக்குத் தானே செக்சம் வைத்து, அறுபட்ட எழுத்தைத் தன் பதிவேட்டிலிருந்து மீட்கக்கூடியதாக இருந்தால். அப்போதும் அந்தத் தரவுத்தளத்தின் வட்டுக்கு மட்டும் நிறுத்துவதே முறை. இயங்குதளம் இருக்கும் படிமத்தைத் தொட வேண்டியதில்லை.