வயது வரம்பு தளர்ந்த கதை

லட்சுமி மில்ஸை நிறுவிய ஜி. குப்புசாமி நாயுடுவின் நினைவாக 1952இல் கோவையில் மருத்துவமனை எழுந்தபோது, எலும்பு மஜ்ஜை மாற்று ஒரு சிகிச்சையாகவே உருவாகியிருக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸின் முதல் முயற்சிகள் பற்றிய கட்டுரை வெளியானது 1957இல். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983இலும், வேலூர் சி.எம்.சி. 1986இலும் இதைத் தொடங்கின. கொங்கு நாட்டு நோயாளிக்கு அன்று வேலூருக்குப் போகும் காட்பாடி ரயில்தான் வழி.

ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அடியோடு அழிக்கக் கொடுக்கும் கடும் மருந்தையும் கதிர்வீச்சையும் அவர்கள் உடல் தாங்காது. இத்தனைக்கும் ரத்தப் புற்றுநோய்களில் பல முதுமையில்தான் அதிகம் தாக்குகின்றன!

1990களின் பிற்பகுதியில் சியாட்டிலில் ரெய்னர் ஸ்டோர்ப் குழு வேறு கணக்குப் போட்டது. நாய்களில் சோதித்த பிறகு, மனிதருக்கு வெறும் 2 கிரே கதிர்வீச்சு. புற்றுச் செல்களை ஒழிக்கும் வேலை கொடையாளரின் எதிர்ப்பணுக்களுக்கு. ஜெருசலேமிலும் ஹூஸ்டனிலும் இதே திசையில் முயன்றார்கள். 2005இல் மருத்துவர் மொஹமத் சோரர், நோயாளி மாற்றைத் தாங்குவாரா என்று கணிக்க, இதயம், நுரையீரல், ஈரல், சர்க்கரை நோய் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டார். பிறந்த ஆண்டைவிட உடல்நிலை பேசத் தொடங்கியது.

அடுத்த திருப்பம் ஒரு பழைய, மலிவான மருந்தால் வந்தது. மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தால், கொடையாளர் அணுக்கள் நோயாளியையே தாக்கும் சிக்கல் குறைகிறது. 2023இல் வெளியான பெரிய ஆய்வும் இதை உறுதிசெய்தது. பாதிப் பொருத்தமே உள்ள கொடையும் இதனால் சாத்தியமானது. முதியவரின் அண்ணன் தம்பிகளும் முதியவர்கள்தானே! இன்று கோவையிலேயே நடக்கும் இந்தச் சிகிச்சையில், தகப்பனுக்குப் பாதிப் பொருத்தமுள்ள மகனோ மகளோ செல் கொடுக்கலாம்.