கண்ணுக்குத் தெரியாத வேலி: ஒரு சின்ன வரலாறு

அமெரிக்கப் புறநகர் வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீங்க. வாசலில் இருந்து தெரு வரைக்கும் புல்வெளி, காம்பவுண்ட் சுவர்னு ஒண்ணும் இருக்காது. பல குடியிருப்புகளில் முன்பக்கம் வேலி போடவே கூடாதுன்னு வீட்டு உரிமையாளர் சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன. அப்போ நாயை என்ன செய்வது? சங்கிலியில் கட்டணும், இல்லாட்டி அவிழ்த்துவிட்டு காரில் அடிபடாமல் இருக்கணும்னு வேண்டிக்கணும்.

இதற்கு மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் பெக். 1973இல் காப்புரிமை வாங்கி, 'ஸ்டே-புட் சேல்ஸ்' என்ற பெயரில் விற்றார். 1976இல் அதை ஜான் பர்ட்டெல் வாங்கி 'இன்விசிபிள் ஃபென்ஸ்' என்று பெயரை மாற்றினார். 1990இல் காப்புரிமை காலாவதியானது. அதன்பிறகு போட்டிக் கம்பெனிகள் வந்தன. வீட்டுக்காரரே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் பெட்டிகள் கடைக்கு வந்தன.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பி. அதில் குறைந்த அதிர்வெண் ரேடியோ சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு ரிசீவர். கம்பியை நெருங்கினால் முதலில் 'பீப்' சத்தம். அதையும் தாண்டிப் போனால், தோலைத் தொடும் இரண்டு முனைகள் வழியாகச் சின்ன ஷாக். வயர்லெஸ் வகையில் கம்பியே கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டரைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். சமிக்ஞை பலவீனமானால் நாய் எல்லைக்குப் போய்விட்டதாகக் கணக்கு. அதனால் தகரக் கூரையோ மேடுபள்ளமோ இருந்தால் வட்டம் கோணலாகிவிடும். ஜிபிஎஸ் வகையிலும் எல்லை சில மீட்டர் அப்படி இப்படி நகரும்.

ஆனா, பட்டையை மாட்டிவிட்டால் மட்டும் வேலை முடியாது. எல்லை நெடுக சின்னக் கொடிகள் நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தி, சத்தம் கேட்டதும் திரும்பி வரப் பல நாள் பழக்கணும். பிறகு கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பதியும்? 1953இல் ஹார்வர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை இதைக் காட்டியது. விளக்கு அணைந்து பத்து விநாடியில் ஷாக் வரும். தடுப்பைத் தாண்டி அடுத்த பக்கம் குதித்தால் தப்பலாம். நாய்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. பிறகு ஷாக்கையே நிறுத்தியும், விளக்கு அணையும்போதெல்லாம் குதித்துக்கொண்டே இருந்தன. குதிப்பதால்தான் ஷாக் வரவில்லையா, இல்லை ஷாக்கே இல்லையா என்று தெரிந்துகொள்ள அவற்றுக்கு வழியே இல்லை. பேட்டரி தீர்ந்த பட்டையோடும் சில நாய்கள் எல்லையைத் தாண்டாமல் இருப்பது இதனால்தான். வேலி மண்ணில் இல்லை, நாயின் மனசுக்குள் இருக்கிறது.

பலவீனமும் அங்கேதான். அணிலைத் துரத்தும் வேகத்தில் ஷாக்கைத் தாங்கி வெளியே ஓடிவிட்ட நாய், வேகம் தணிந்ததும் திரும்ப நினைக்கும். கம்பி வேலியாக இருந்தால், வீட்டுக்குள் வரவும் ஷாக் வாங்கணும்! போக வைத்த ஆர்வம் அப்போது இருக்காது, வெளியிலேயே நின்றுவிடும். அதே சமயம், பட்டை போடாத தெருநாயையோ திருடனையோ இந்த வேலி ஒன்றும் செய்யாது.

வேல்ஸ் 2010இல் மின் பட்டைகளைத் தடை செய்தது; வேலிப் பட்டைக்கும் அது பொருந்தும். 2023இல் இங்கிலாந்து அரசு வைத்த வரைவோ, கையில் ரிமோட் பிடித்து இயக்கும் பட்டையை மட்டுமே குறிவைத்தது. வேலிப் பட்டையால் சாலையில் சாகாமல் பிழைக்கும் உயிர்கள் உண்டு என்பது அந்தப் பக்கத்து வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கு. காரில் அடிபடுவது ஒரே ஒரு தடவைதான், பயமோ தினமும்.

சுவர் வேண்டாம் என்று சொன்னது மனுஷன். அழகு கெடக்கூடாது என்பது அவன் கவலை. அதற்கான விலை நாயின் கழுத்தில் தொங்குகிறது. சாதாரண மரவேலி அசிங்கமாக இருக்கலாம். ஆனா அது எங்கே முடிகிறது என்று நாய்க்கும் தெரியும்.