உள்ளொளியும் மறையெழுத்தும்: சுவிசேஷ நண்பர் வரலாறு

கிறித்து சமயப் பிரிவுகளுள் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கம் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேயத்தில் தோன்றியது. அதனை நிறுவிய ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பார், கிறித்துவின் ஒளி மக்கள் உள்ளந்தோறும் விளங்குகின்றதென்றும், அதனை உணர்தற்குக் குருமாரும் சடங்கும் வேண்டாவென்றும் போதித்தனர். ஆதலின் அவர் வழிநின்றார் ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஒழித்து, மோனத்தில் அமர்ந்தே வழிபட்டனர்.

உள்ளொளி உயர்ந்ததோ, எழுதப்பட்ட விவிலியம் உயர்ந்ததோ என்னும் வினாவே பிற்காலத்தில் அவர்களைப் பிளந்தது. அமெரிக்காவில் எலியாஸ் ஹிக்ஸ் என்பார் உள்ளொளியையே முதன்மையாக்கினர். அப்பூசலால் 1827-ல் பிலடெல்பியாச் சங்கம் இரண்டாயிற்று. அதற்கு மறுதலையாக, இங்கிலாந்தில் நாரிச் நகரத்து வங்கியாளராகிய ஜோசப் ஜான் கர்னி (1788–1847), விவிலியமே பிரமாணமென்றும், கிறித்துவின் சிலுவைப் பலியை நம்புதலாலேயே இரட்சிப்பு உண்டென்றும் வற்புறுத்தினர். 1837 முதல் 1840 வரை அவர் வட அமெரிக்காவில் இதனைப் பரப்ப, ரோட் தீவினராகிய ஜான் வில்பர் பழைய உள்ளொளி நெறிக்கு இது மாறாமென எதிர்த்தனர். 1845-ல் நியூ இங்கிலாந்துச் சங்கமும் பிளவுற்றது. கர்னி மரபிலிருந்தே சுவிசேஷ நண்பர் தோன்றினர்.

ஆயினும் கர்னி மோன வழிபாட்டைக் கைவிட்டிலர். அது நெகிழ்ந்தது, அவருக்குப் பின்னெழுந்த எழுப்புதற் கூட்டங்களாலேயாம். 1870-ஐ அடுத்த ஆண்டுகளில் அக்கூட்டங்களால் பலர் புதியராய்ச் சேர்ந்தனர். மோனத்திற் பயிலாத அவர்க்குப் போதனை வேண்டியிருந்தமையின், பாட்டும் பிரசங்கமும் வழிபாட்டிற் புகுந்தன. ஊதியம் பெறும் போதகரும் அமர்த்தப்பெற்றனர். ஞானஸ்நானத்தையும் ஏற்கலாமென ஒஹையோவிற் சிலர் கூறத் தொடங்கினர்.

இக்கலக்கத்திடையே, 1887-ல் இந்தியானா மாகாணத்து ரிச்மண்ட் நகரிற் கூடிய அவை ஓர் அறிக்கை வெளியிட்டது. அது விவிலியத்தின் தலைமையை நிறுவிற்று; மனிதனுக்கு இயல்பாகவே அமைந்த உள்ளொளி உண்டென்பதை மறுத்தது; எனினும் புறச்சடங்கு விலக்கலையும் போர் மறுத்தலையும் காத்தது. லண்டன் சங்கம் அதனை மேற்கொண்டிலது. அமெரிக்கச் சங்கங்கள் பல 1902-ல் அமைத்த கூட்டமைப்பிலும் ஒஹையோச் சங்கம் சேர்ந்திலது. 1965-ல் ஒஹையோ, கான்சாஸ் முதலிய நான்கு சங்கங்கள் இணைந்து சுவிசேஷ நண்பர் கூட்டணியாயின.

கர்னி மரபினர் 1902-ல் கெனியாவின் கைமோசியில் தொடங்கிய ஊழியத்தின் பயனாக, நண்பர் மிகுதியாய் வாழும் நாடு இன்று அதுவே. அவருட் பெரும்பாலோர் பாடியும் பிரசங்கம் கேட்டுமே வழிபடுகின்றனர். எழுத்தின் காவலால் இம்மரபு கோட்பாட்டில் உறுதி பெற்றது. போதகரால் தேயந்தோறும் பரந்தது. ஆயின் தன்னை ஈன்ற மோனத்தைப் பெரிதும் இழந்தது. ஒரு சமயத்தின் கோட்பாட்டை நூல் காக்கும். அதன் அனுபவத்தைக் காப்பது சாதனமே என்பது இதனால் அறியக் கிடக்கின்றது.