பகல்நேர மற்றும் ஓய்வுக்காலப் பராமரிப்பு: கவுன்சில் நிதி வழங்கும் முறை மாறும்போது

உங்கள் தாயார் வாரத்தில் இரண்டு நாள் செல்லும் முதியோர் பகல்நேர மையத்திற்குக் கவுன்சில் வழங்கிவந்த நிதி நிறுத்தப்படுவதாகக் கடிதம் வந்திருக்கலாம். அதைக் கண்டதும் அவருக்குரிய உதவியே முடிந்துவிட்டது என எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் மையத்திற்குக் கிடைக்கும் நிதி வேறு. மதிப்பீட்டின் மூலம் உங்கள் தாயாரின் தகுதி உறுதிசெய்யப்பட்டிருந்தால் அவருக்குக் கிடைக்கவேண்டிய உதவி வேறு. முதலாவதைக் கவுன்சில் மாற்றலாம். அம்மாற்றத்தை மட்டும் காரணம் காட்டி இரண்டாவதைக் குறைக்க இயலாது.

மாறுவது என்ன?

பழைய முறையில் கவுன்சில் ஒரு மையத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். இடம் நிரம்பினாலும் வெறுமையாக இருந்தாலும் பணம் செல்லும். புதிய முறையில் ஒவ்வொருவரின் தேவைக்கும் ஆகும் தொகை தனித்தனியே கணக்கிடப்படுகிறது. இதனைத் தனிநபர் ஒதுக்கீடு என்பர். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கவுன்சிலின் உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் அத்தொகை தெரிவிக்கப்படவேண்டும்.

இம்மாற்றத்தில் நன்மை உண்டு. தமிழ் பேசும் உதவியாளரையோ, சைவ உணவு வழங்கும் சமூக அமைப்பையோ நாடுவோருக்கு இது வழி திறக்கிறது. ஆயினும் நிலையான வருமானம் இல்லாத சிறு மையம், வருவோர் குறையும் மாதங்களில் வாடகையும் சம்பளமும் கொடுக்கத் திணறும். அது மூடப்பட்டு அருகில் வேறொன்றும் இல்லையெனில், தெரிவுரிமை காகிதத்தில் மட்டுமே எஞ்சும். ஆகவே ஒதுக்கீட்டுத் தொகையை மட்டும் பாராமல், அத்தொகையைக் கொண்டு எங்கே, எந்தச் சேவையைப் பெற இயலும் என்றும் கேளுங்கள்.

நேரடிக் கொடுப்பனவு கட்டாயமன்று

ஒதுக்கீட்டைப் பணமாகப் பெற்று நீங்களே பராமரிப்பை ஏற்பாடு செய்வது நேரடிக் கொடுப்பனவு. விரும்பாவிட்டால் ஏற்பாட்டைக் கவுன்சிலிடமே விட்டுவிடலாம்; ஒரு பகுதியை மட்டும் பணமாகப் பெறவும் செய்யலாம். உதவியாளர் ஒருவரை நீங்களே பணிக்கு அமர்த்தினால் சம்பளக் கணக்கு, காப்புறுதி முதலிய முதலாளிக்குரிய பொறுப்புகள் உங்களைச் சேரும். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு, கவுன்சில் அவசியமெனக் கருதி ஒப்புக்கொண்டாலன்றி, பராமரிப்புக்காக இதிலிருந்து ஊதியம் கொடுக்க இயலாது. மறதி நோயால் முடிவெடுக்கும் திறன் குன்றியவரின் சார்பில், தகுதியான ஒருவர் கவுன்சிலின் ஒப்புதலுடன் இக்கொடுப்பனவை நிருவகிக்கலாம்.

ஓய்வுக்காலப் பராமரிப்பின் கட்டணம் யாருக்கு?

குடும்பங்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். நீங்கள் சில நாள் ஓய்வெடுக்க உங்கள் தந்தை பராமரிப்பு இல்லத்தில் தங்குகிறார் எனக் கொள்வோம். ஓய்வு உங்களுக்கு, ஆனால் பராமரிப்பு அவருக்கு. எனவே கட்டணம் அவருடைய வருமானத்தையும் சேமிப்பையும் கொண்டே கணக்கிடப்படும். உங்கள் சம்பளம் அதில் சேராது.

அவருடைய சேமிப்பு 23,250 பவுணுக்கு மேற்பட்டால் பொதுவாக முழுச் செலவும் அவரைச் சேரும். 14,250 பவுணுக்கு உட்பட்ட சேமிப்பு கணக்கில் கொள்ளப்படாது. இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரம் 1 பவுண் வருமானமாகக் கருதப்படும். இவ்வரம்புகள் 2010இலிருந்து உயர்த்தப்படவில்லை. அன்று வரம்புக்கு உட்பட்டிருந்த பலர் இன்று அதனைத் தாண்டியிருப்பர். பகல்நேரப் பராமரிப்புக்கும், வீடு திரும்பும் நோக்கத்துடன் இல்லத்தில் தற்காலிகமாகத் தங்குவதற்கும், அவர் வாழும் வீட்டின் மதிப்பு கணக்கில் சேர்க்கப்படாது.

முதியோருக்கான உதவிப்படியை வருமானமாகக் கொள்ளும் கவுன்சில், இயலாமையால் ஏற்படும் கூடுதல் செலவுகளைக் கழித்தாகவேண்டும். அடிக்கடி துணி துவைத்தல், கூடுதல் வெப்பமூட்டல், சிறப்பு உணவு ஆகியன அவ்வகையின. பற்றுச்சீட்டுகளைப் பேணி வையுங்கள். கேட்டாலன்றி இவற்றைக் கழிக்காத அலுவலகங்களும் உண்டு.

பராமரிப்பவராகிய உங்களுக்கும் தனி மதிப்பீடு பெறும் உரிமை உண்டு. எத்தனை மணி நேரம் பராமரிக்கிறீர்கள், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பவை அதற்குத் தடையல்ல. “சமாளித்துக்கொள்கிறேன்” என்று அங்கே சொல்லாதீர்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கடிதம் வந்தபின்

பராமரிப்புத் திட்டத்தை மீளாய்வு செய்யுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். திட்டத்தை மாற்றுமுன் கவுன்சில் உரியவரையும் பராமரிப்பவரையும் கலந்துகொள்ளவேண்டும். புதிய தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது, போக்குவரத்தும் மதிய உணவும் அதில் அடங்குமா என விளக்கம் கோருங்கள். உள்ளூர் விலையில் தேவையை நிறைவேற்றப் போதாத தொகை சரியான ஒதுக்கீடாகாது. அதை மறுபரிசீலனை செய்யுமாறு கோரலாம்.

மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் முன்கூட்டியே கேளுங்கள். பேரப்பிள்ளைகளைக் கொண்டு சமாளிக்கவேண்டாம். உரியவர் கலந்துரையாடலைப் பின்தொடரப் பெரிதும் இடர்ப்பட்டு, துணையாகப் பேசத் தக்க உறவினரோ நண்பரோ இல்லாதிருந்தால், சுயாதீனப் பரிந்துரையாளர் ஒருவரைக் கவுன்சிலே ஏற்பாடு செய்யவேண்டும்.

பதில் திருப்தியளிக்காவிடில் முதலில் கவுன்சிலிடமே முறைப்பாடு செய்யுங்கள். அதன்பின் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரியை நாடலாம். கட்டணமில்லை, ஆயினும் சிக்கலை அறிந்த நாளிலிருந்து பொதுவாக 12 மாதங்களுக்குள் அணுகவேண்டும்.