கொட்டாங்குச்சியில் ஓடும் குதிரை

குளம்பொலி கேட்கிறது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ராஜா வருகிறார். குதிரையைத்தான் காணோம். கடிவாளம் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு குதித்துக் குதித்து வருகிறார். பின்னால் முதுகில் மூட்டையோடு ஒரு வேலையாள் இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டிக்கொண்டே வருகிறான். 1975இல் வெளிவந்த ‘மான்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்’ இப்படித்தான் தொடங்குகிறது.

குதிரைக்கு என்ன ஆச்சு? காசு இல்லை, அவ்வளவுதான். பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பலின் போன்ற ராக் இசைக்குழுக்கள் தந்த பணமும் சேர்ந்து சுமார் 2,30,000 பவுண்டில் 1974இல் ஸ்காட்லாந்தில் எடுத்த படம். கேட்ட கோட்டைகள் பல கிடைக்கவில்லை. டூன் கோட்டை ஒன்றே பல கோட்டைகளாக வேஷம் கட்டியது. வீரர்களின் இரும்பு வலைக்கவசம்கூட வெள்ளிச்சாயம் பூசிய கம்பளிதான். கொட்டாங்குச்சியோ வானொலி நாடகக்காரர்களின் பழைய உத்தி.

கஞ்சத்தனத்தால் மட்டும் ஒரு படம் 50 ஆண்டு வாழாது. இது எதைக் கேலி செய்கிறது என்று பார்க்கணும்.

ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது 5, 6ஆம் நூற்றாண்டுகளில். அவரைப் பேரரசனாக்கியது 12ஆம் நூற்றாண்டின் மன்மத்து ஜெஃப்ரி. நமக்குப் பழகிய வடிவத்தைத் தந்த மாலரியின் நூல் அச்சேறியது 1485இல். ஒவ்வொரு காலமும் தன் உடுப்பை அவருக்கு மாட்டிவிட்டிருக்கிறது. படமோ கதை நடப்பது கி.பி. 932 என்று கூசாமல் அறிவிக்கிறது! இயக்குநர் இருவரில் ஒருவரான டெர்ரி ஜோன்ஸுக்கு இதெல்லாம் அத்துப்படி. 1980இல் சாசரின் மாவீரனைப் பற்றித் தனி நூலே எழுதினார்: எல்லாரும் கொண்டாடும் அந்த உத்தமன் உண்மையில் கூலிப்படைக்காரன் என்பது அவர் வாதம்.

அந்தப் பார்வைதான் சேற்றில் வேலை செய்யும் குடியானவனின் வாயில் வருகிறது. ஏரித் தேவதை வாள் கொடுத்தாள், அதனால் நான் அரசன் என்கிறார் ஆர்தர். ஆட்சி உரிமை மக்களிடமிருந்துதானே வரணும் என்று அவன் மடக்குகிறான். பதில் இல்லாத ராஜா அவனைப் பிடித்து உலுக்குகிறார். அடக்குமுறையைப் பாருங்கள் என்று அவன் ஊரைக் கூட்டுகிறான். சிரித்து முடித்தபிறகுதான் உறைக்கிறது: கேள்விக்குப் பதில் இல்லாதபோது அதிகாரம் கையைத்தான் நீட்டும்.

நடுவில் கோட்டு போட்ட ஒரு வரலாற்றாசிரியர் கேமராவைப் பார்த்து ஆர்தரின் திட்டத்தை விளக்குகிறார்; ஒரு வீரன் பாய்ந்துவந்து அவரை வெட்டிச் சாய்க்கிறான். படத்தில் நிஜக் குதிரை வருவது அங்கேதான். தொன்மத்துக்கு விளக்கம் சொல்லப் போனவருக்கு அதுதான் கதி. ஆனால் கொலை கொலைதானே? போலீஸ் வருகிறது. பெரும்போர் தொடங்கும் நொடியில் ஆர்தரையே வண்டியில் ஏற்றுகிறது. படம் அறுந்து நிற்கிறது. புனிதக் கிண்ணமும் இல்லை, வெற்றியும் இல்லை.

டூன் கோட்டையைக் கட்டியவர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தை உண்மையிலேயே ஆட்டிவைத்த ஆல்பனிப் பிரபு ராபர்ட் ஸ்டூவர்ட். அவர் பெயருக்காக அங்கே போகிறவர்கள் எத்தனை பேரோ. படத்தின் ரசிகர்கள் போய்க் கொட்டாங்குச்சி தட்டுகிறார்கள். ராஜாவுக்குக் கம்பீரம் தந்தது முழுக்க அந்த வேலையாளின் கைதான். அவன் தட்டுவதை நிறுத்தினால் ராஜா வெறுமனே நடந்துபோகிற ஓர் ஆள்.